அப்பாவின் "பாப்பம்"

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கடவை இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் மரக்கறிக் கடை. அப்பா முப்பது வருடமாக அந்தக் கடவையால் போய் வருகிறவர். இப்போது அவருடைய இடது பக்கத்தில் நானும் நிற்கிறேன். 101ஆம் இலக்க பஸ் ஒன்று வேகத்தைக் குறைக்கிறது. சாரதி கையைக் காட்டுகிறார். அப்பாவின் கண் வீதியை அளந்து முடித்துவிட்டது, உடம்பும் முன்னால் சாய்கிறது, ஆனால் கால் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல நிற்கிறது.

"அப்பா, போவம்."

"போகத்தான் பிள்ளை பாக்கிறன். கால் கேக்குதில்லை."

பஸ் போய்விடும். பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போவார்கள்.

அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய், இது நான்காவது வருடம். முதல் வருடம் முழுக்க நான் அவருடைய தயக்கத்தைப் பயம் என்றே நினைத்தேன். மனம் இன்னும் முடிவெடுக்கவில்லை, அதனால்தான் கால் நகரவில்லை என்று. கையைப் பிடித்து இழுப்பேன். ஒருநாள் அப்படி இழுத்ததில் அவர் முகங்குப்புற விழப் பார்த்தார். பின்னால் நின்ற ஒரு சிங்களப் பெடியன் இடுப்போடு சேர்த்துப் பிடித்திருக்காவிட்டால் விழுந்தே இருப்பார். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் உயிரியல் படிப்பிக்கிறேன். நரம்புக் கலத்தை எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் கீறி வருகிறேன். கணத்தாக்கம் எப்படி ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். ஆனால் ஒரு மனிதர் வீதியைக் கடப்பதா நிற்பதா என்று தீர்மானிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குப் படிக்கத் தொடங்கினேன்.

வீட்டில் வேறொரு முடிவும் காத்துக்கொண்டிருந்தது. அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். அப்பாவை அங்கே கூப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்பார், "அப்பா, என்ன முடிவு?" அப்பாவின் பதில் எப்போதும் ஒரே சொல்தான்: "பாப்பம்." அண்ணாவுக்கு அந்தச் சொல்லில் கோபம் வரும். எனக்கும் வந்ததுண்டு. ஓம் என்றாவது சொல்ல வேண்டும், இல்லை என்றாவது சொல்ல வேண்டும், இது என்ன நடுவில் என்று. இந்த இரண்டு வருட வாசிப்புக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் கேட்கும் விதம் மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நோய் இன்னதென்று தெரிவதற்கு முதல், அப்பா கோயில் வரிசையில் ஒருமுறை மயங்கி விழுந்தார். வலிப்பாக இருக்குமோ என்று பார்க்க ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கச் சொன்னார் டொக்டர். தலையில் பசை பூசி இருபதுக்கு மேற்பட்ட கம்பிகளை ஒட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறுக்கல் கிறுக்கலாகக் கோடுகள் ஓடின. "ஐயா, கண்ணை மூடுங்கோ" என்றார் பதிவு எடுத்த பிள்ளை. அப்பா மூடினார். அந்தக் கணமே தலையின் பின்பக்கத்துக் கோடுகள் ஒழுங்காகி, பெரிதாகி, ஒரே அளவான அலைகளாக எழும்பின. "திறவுங்கோ" என்றதும் அடங்கிவிட்டன. மறுபடியும் மூட, மறுபடியும் எழும்பின. அறிக்கையில் வலிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. எனக்கு அந்த அலைகள்தான் மனத்தில் நின்றன. அப்பா ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தபோது அவருடைய மூளை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

இதே காட்சியை உலகத்தில் முதலில் கண்டவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியில் ஜேனா நகரத்தில் மனநல மருத்துவராக இருந்தவர். இளம் வயதில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய சகோதரியின் மனம் பதறியிருக்கிறது. மனதிலிருந்து மனதுக்குப் போகும் ஒரு சக்தி இருக்க வேண்டும், அதன் தடயம் மூளையில் இருக்க வேண்டும் என்று நம்பி அவர் பல வருடம் தேடினார். தேடியது கிடைக்கவில்லை. 1924ல் மனித மண்டையோட்டின் மேலிருந்து மின் அலைகளைப் பதிவு செய்தார், 1929ல் வெளியிட்டார். விநாடிக்குப் பத்துத் தடவை அளவில் ஏறி இறங்கும் அந்தப் பெரிய அலைக்கு அல்பா என்றும், அதைவிட வேகமான சிறிய அலைகளுக்கு பீட்டா என்றும் பெயர் வைத்தார். ஆரம்பத்தில் நம்பியவர்கள் குறைவு. 1934ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூஸும் செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஏட்ரியன் அதற்கு இரண்டு வருடத்துக்கு முதல் நோபல் பரிசு பெற்றவர்.

ஒரு நரம்புக் கலத்தின் மின்சாரம் மிகச் சிறியது. மண்டையோட்டைத் தாண்டி வெளியே தெரிய வேண்டுமானால் ஆயிரமாயிரம் கலங்கள் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அப்போதும் நமக்குக் கிடைப்பது ஒரு வோல்ற்றின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். ஆகவே திரையில் ஒழுங்கான அலை தெரிகிறது என்றாலே, உள்ளே ஒரு பெருங்கூட்டம் சேர்ந்து இயங்குகிறது என்று அர்த்தம். தேர்வடம் பிடிப்பதைப் பாருங்கள். ஆளுக்காள் தனித்தனியாக இழுத்தால் தேர் அசையாது, "அரோகரா" என்ற சத்தத்தோடு சேர்ந்து இழுத்தால் அசையும். மூளைக்குள்ளும் ஒரு பகுதி சொல்வதை இன்னொரு பகுதி கேட்பது, இரண்டும் ஒரே தாளத்தில் இருக்கும்போது இலகுவாகிறது என்பது பஸ்கால் ஃபிரீஸ் 2005ல் முன்வைத்த கருத்து. இன்றுவரை அதைச் சுற்றி விவாதம் நடக்கிறது, என்றாலும் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்தத் தாளங்களை மீடிறன் பார்த்து, அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று பார்த்து, பிரிக்கிறார்கள். ஆழ்ந்த நித்திரையில் மேலோங்குவது விநாடிக்கு நான்குக்குக் குறைந்த டெல்டா. நான்கிலிருந்து எட்டு வரை தீட்டா. பிறகு அல்பா. 13லிருந்து 30 வரை பீட்டா. அதற்கு மேலே காமா. அப்பாவின் கதை பெரும்பாலும் பீட்டாவிலும் தீட்டாவிலும் இருக்கிறது.

முதலில் பீட்டா. நீங்கள் அசையாமல் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கையை ஆளும் மூளைப் பகுதியில் பீட்டா பலமாக இருக்கும். கையை அசைக்கப் போகிறீர்கள் என்றால், அசைவதற்கு முன்னமே அது தணியத் தொடங்கும். அசைவு முடிந்ததும் திரும்பவும் எழும்பும். "இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்" என்று சொல்லும் தாளம் இது என்று 2010ல் எங்கல், ஃபிரீஸ் என்ற இருவர் எழுதினார்கள். முடிவெடுப்பதோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், வலக்கையால் ஒரு பொத்தானை அழுத்துவதா இடக்கையால் மற்றதையா என்று ஒருவர் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் தெரிவு செய்யப் போகும் கைக்கு எதிர்ப்பக்க மூளையில் பீட்டா மெல்ல மெல்லத் தணிகிறது. ஆதாரம் சேரச் சேரத் தணிவு கூடுகிறது. அதாவது முடிவு என்பது எங்கேயோ ஓர் அறையில் எழுதி முடித்துக் கைக்கு அனுப்பப்படும் கடிதம் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கையும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

பார்க்கின்சன் நோயில், நரம்புக் கலங்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்ற இரசாயனம் குறையும்போது இந்தத் தணிதல் கெட்டுப்போகிறது. நடுமூளைக்கு மேலே, தலமசுக்குக் கீழே, ஓர் அவரை விதையைவிடப் பெரிதில்லாத ஒரு கலக்கூட்டம் இருக்கிறது. சப்தலமிக் நியூக்ளியஸ் என்பது அதன் பெயர். சத்திரசிகிச்சையில் அங்கே கம்பி வைத்த நோயாளிகளிடம் 2001ல் பீற்றர் பிரவுனும் கூட இருந்தவர்களும் நேரடியாகப் பதிவு செய்தார்கள். மருந்து இல்லாத வேளையில் பீட்டா அளவுக்கு மீறி அடித்துக்கொண்டிருந்தது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மருந்தைக் கொடுத்ததும் அடங்கியது. பிறகு வந்த ஆய்வுகளில், பீட்டா எவ்வளவு தணிகிறதோ அவ்வளவுக்கு இறுக்கமும் மந்தமும் குறைவதையும் கண்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்த ஆய்வு தினமும் நடக்கிறது. காலை மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முதல். பருப்பும் முட்டையும் மாத்திரையோடு சேர்ந்து போனால் அது உடம்பில் சரியாகச் சேராது. ஏழு மணிக்குக் கட்டிலோரத்தில் சிலையாக இருக்கும் மனிதர், எட்டு மணிக்குத் தானே சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேப்பர் எடுக்க வாசலுக்குப் போவார். மனம் அதே மனம்தான். ஏழு மணிக்கும் அவருக்குப் பேப்பர் வேண்டும். வேண்டும் என்பதற்கும் எழும்புவதற்கும் இடையில் ஒரு தாளம் விடாப்பிடியாக நிற்கிறது, அவ்வளவுதான். கால் உறைவதற்கு பீட்டா மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், கால் உறைவது அதைவிடச் சிக்கலானது. ஆனால் "மனம் வைத்தால் நடக்கலாம்" என்று அவரிடம் சொல்லும் உறவினர்களுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

இனி தீட்டா. அதுதான் "பாப்பம்" என்ற சொல்லை எனக்கு விளக்கியது.

இரண்டு நல்ல தெரிவுகள் முன்னால் இருக்கும்போது, அல்லது செய்யலாமா வேண்டாமா என்று உள்ளே இழுபறி வரும்போது, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் தீட்டா பலமாகிறது. முன்மூளையிலிருந்து அந்த அவரை விதைக்கு ஒரு நேரடிப் பாதை உண்டு. தீட்டா கூடும்போது அந்த விதை செய்யும் வேலை என்ன? பொறு, இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேரட்டும் என்று கதவுப்படியை உயர்த்திவிடுகிறது. ஆதாரம் எவ்வளவு சேர்ந்தால் முடிவு, என்ற அந்த எல்லை மேலே போகிறது. இதை எப்படி அறிந்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. அந்த இடத்துக்குள் கம்பி வைத்து மின்துடிப்புக் கொடுக்கும் சிகிச்சை, 1987ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனபிட் நடுக்கத்துக்காகத் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது. பலருடைய வாழ்க்கையை மீட்டுக் கொடுத்த சிகிச்சை. அப்படிக் கம்பி வைத்தவர்களிடம் மைக்கேல் ஃபிராங்கும் மற்றவர்களும் ஒரு தெரிவு விளையாட்டைக் கொடுத்தார்கள். அது 2007ல் வெளிவந்தது. எல்லோரும் கடினமான தெரிவில் வேகம் குறைப்பார்கள். மாத்திரை எடுப்பவர்களும் குறைத்தார்கள். மின்துடிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது மட்டும் நோயாளிகள் குறைக்கவில்லை. இரண்டும் நல்லதாக இருந்தபோது இன்னும் அவசரப்பட்டார்கள். 2011ல் கவனாவும் ஃபிராங்கும் சேர்ந்து தீட்டாவையும் அளந்தார்கள். மின்துடிப்பு நிற்கும்போது தீட்டா கூடினால் எல்லை உயர்கிறது, துடிப்பு ஓடும்போது அந்த உறவு தலைகீழாகிறது.

இதைப் படித்த இரவு நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தயங்குவதற்கென்று மூளை ஓர் இடத்தை வைத்திருக்கிறது. அதைக் குலைத்தால் மனிதன் தைரியசாலி ஆவதில்லை, பொறுக்கத் தெரியாதவன் ஆகிறான். "பாப்பம்" என்று அப்பா சொல்லும்போது அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்று அண்ணாவும் நானும் நினைத்தோமே, அந்த நேரத்தில் எவ்வளவு வேலை நடந்திருக்கும்! பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம். அம்மாவை எரித்த ஊர் மறுபக்கம். பனி, படி, மொழி, பின்னேரம் கடற்கரையில் அவரோடு இருந்து கதைக்கும் நான்கு சிநேகிதர்கள். எதையும் அவர் தூக்கி எறியவில்லை.

இதற்கு இன்னும் நெருக்கமான காட்சி ஒன்று எலியின் மூளையில் கிடைத்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலிருந்து ஓட்டோவில் புறப்பட்டால் சாரதி முதலில் கேட்பது, "காலி வீதியா மிஸ், மரீன் டிரைவா?" ஒன்றில் பஸ் நெரிசல், மற்றதில் எங்கே மறிப்பார்களோ தெரியாது. பதில் சொல்லும் முன் நான் இரண்டு வழியாலும் மனத்துக்குள் போய் வருவேன். எலி ஒன்று பாதை பிரியும் இடத்தில் நின்று இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பும் என்பதை 1930களிலேயே டோல்மன் என்ற உளவியலாளர் கவனித்து எழுதினார். 2020ல் சான் பிரான்சிஸ்கோவில் லோரன் ஃபிராங்கின் ஆய்வுகூடம் (இவர் வேறு ஃபிராங்க்) அந்தச் சந்தியை நெருங்கும் எலியின் ஹிப்போகாம்பஸில், அதாவது இடத்தையும் நினைவையும் கவனிக்கும் மூளைப் பகுதியில், பார்த்தது இது: விநாடிக்கு எட்டுத் தடவை ஓடும் தீட்டா அலையில், ஓர் அலைக்கு இடப்பக்கப் பாதைக்கான கலங்கள் துடித்தன, அடுத்த அலைக்கு வலப்பக்கப் பாதைக்கானவை, திரும்ப இடம், திரும்ப வலம். இரண்டு வருங்காலங்கள், முறை வைத்து. ஒன்று பேசும்போது மற்றது வாய் மூடி நிற்கிறது. நம் வீடுகளில் சம்பந்தம் பேசும்போதுகூட இந்த ஒழுங்கு இருப்பதில்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெட்டை எழும்பினாள். "மிஸ், நாங்கள் முடிவு எடுக்கிறதுக்கு முதலே மூளை எடுத்துடுது எண்டு படிச்சனான். அப்ப நாங்கள் ஆர்?" அவள் படித்தது பெஞ்சமின் லிபெட்டின் 1983 ஆய்வை. விரும்பிய நேரத்தில் கையை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்று தோன்றிய கணத்தை மணிக்கூட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் லிபெட். அசைவுக்கு அரை விநாடிக்கு மேலாக முன்னமே மூளையில் ஒரு மின் ஏற்றம் தொடங்கியது. "தோன்றியது" என்று ஆட்கள் சொன்னதோ அசைவுக்கு ஏறக்குறைய 0.2 விநாடிக்கு முன்தான். கார்ன்ஹூபரும் டீக்கேயும் 1965ல் கண்டு எழுதிய ஏற்றம்தான் அது.

நான் அவளைப் பின்னேரம் மரீன் டிரைவுக்குப் போய் ரயில் பாதையோரக் கற்களைப் பார்க்கச் சொன்னேன். கடல் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எப்போதாவது ஓர் அலை கல்லைத் தாண்டித் தெறிக்கும். தெறித்த தருணங்களை மட்டும் நூறு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்திய சில விநாடிகளைச் சேர்த்துச் சராசரி பார்த்தால், தண்ணீர் முன்கூட்டியே மெல்ல ஏறிக்கொண்டு வந்ததாகத்தான் தெரியும். கடல் முன்னமே தீர்மானித்தது என்று அதற்கு அர்த்தமா? 2012ல் ஷுர்கர், சிட், தெஹான் ஆகிய மூவரும் காட்டியது ஏறக்குறைய இதைத்தான். காரணம் எதுவும் இல்லாமல் எப்போதாவது அசை என்று கேட்டால், மூளையின் தன்னியல்பான ஏற்ற இறக்கம் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அது ஓர் ஏற்றமாகத் தெரிகிறது. அடுத்த கிழமை அந்தப் பெட்டை வந்து, "மிஸ், நான் இருபது தெறிப்பு எண்ணினனான்" என்றாள். எனக்கு அந்த மாதம் முழுக்க அது போதுமாக இருந்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. பரீட்சைக் காலம் வந்தால் பெற்றோர்கள் என்னிடம் கைப்பேசியைக் காட்டுவார்கள், "அல்பா அலை" இசை, கேட்டால் பிள்ளை சரியான விடையைத் தெரிவு செய்யும் என்று. காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அல்பா கூடுவது கண்ணை மூடினாலே நடக்கும், அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்தேன். அது கூடியதால் அவர் கணக்கில் கெட்டிக்காரர் ஆகவில்லை. ஓர் அலை நல்லது, இன்னொன்று கெட்டது என்று எதுவும் இல்லை. பீட்டா இல்லாமல் கோப்பையைப் பிடிக்க முடியாது, தணியாத பீட்டாவோடு கோப்பையை வைக்க முடியாது. எழுச்சியும் தணிவும் நேரத்துக்கு வருவதுதான் காரியம். அதைப் பிடிக்க மருத்துவம் இப்போது முயல்கிறது. மூளையின் அலைகளைத் தானே கேட்டு, தேவைக்கேற்ப மின்துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் பெற்றோரின் காசுக்கு ஒரு நல்ல நித்திரை வாங்கலாம் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இயன்முறை வைத்தியம் செய்கிற தங்கச்சிதான் எங்களுக்கு வழி காட்டினார். கால் உறைந்தால் இழுக்க வேண்டாம், வெளியிலிருந்து ஒரு தாளத்தைக் கொடுங்கள், எண்ணுங்கள் அல்லது தட்டுங்கள் என்றார். உள்ளே தானாக வராத தொடக்கம், காதால் வரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வருவதுண்டு. தரையில் கோடு இருந்தாலும் அப்படித்தான், அதைத் தாண்டக் கால் எழும்பும். "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணிப் பார்த்தேன். சில நாள் சரிவந்தது, சில நாள் இல்லை. பிறகு ஒருநாள் அவரே, "எண்ணாத பிள்ளை, சொல்லுக்கட்டுச் சொல்லு" என்றார். அப்பா பிறந்தது அளவெட்டிப் பக்கம். சின்ன வயதில் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கக் கோயில் வீதியில் விடிய விடிய இருந்தவர். "தகதிமி" என்றேன். கால் எழும்பியது. இந்த ஒரு நிமிடத்துக்காக அந்த மேதைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமையும் கடவையில் நின்றோம். ஒரு பஸ் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவதும் போனது. நான் கையை இழுக்கவில்லை, என் மணிக்கட்டை அவர் பிடிக்கும்படி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல் என் மணிக்கட்டில் தட்டத் தொடங்கியது, மெதுவாக, நான்கு நான்காக. வாயால் சொல்லாமலே நானும் அதற்குள் போனேன். மூன்றாவதாக வந்த லொறிக்காரர் மறித்து நின்றார். நாங்கள் முதல் கோட்டில் கால் வைத்து, அடுத்ததில் வைத்து, நடுவில் ஒருமுறை நின்று, பிறகு அந்தப் பக்கம் ஏறினோம்.

கடையில் முருங்கைக்காயும் புடலங்காயும் புதிதாக வந்திருந்தன. அப்பா இரண்டையும் பார்த்தார். முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்து வைத்தார், புடலங்காயைத் தடவிப் பார்த்தார், திரும்பவும் முருங்கைக்காய்.

"எதைப் போட ஐயா?" என்று கடைக்காரர் பையை விரித்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பம்" என்றார் அப்பா.

கடைக்காரர் பையை விரித்தபடியே நின்றார். நானும் நின்றேன்.